தூரிகை சோறு போடுமா?

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்த மாலையிலே நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு நீதிமன்றம் கூடுவதுண்டு. தந்தையார் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருப்பார். தாயார் தேநீர்க் கோப்பையுடன் வாயிற்படியில் நிற்பார். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி, "நான் பல்கலைக்கழகத்திலே சித்திரம் படிக்க விரும்புகிறேன்" என்று மெல்லச் சொல்லும். "சித்திரம் படித்துச் சோற்றுக்கு என்ன செய்வாய்?" என்ற வினா உடனே எழும். வந்திருக்கும் மாமனாரும் தம் பங்கிற்கு, "சுவர் இருந்தாலல்லவா சித்திரம் எழுதலாம்" என்று பழமொழி ஒன்றை எடுத்துவிடுவார்.

இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குதல் தகாது. பிள்ளையின் படிப்புக்காக நகையை அடைவு வைத்த தாயும், பிடவைக் கடையிலே பகல் முழுதும் நின்று உழைத்த தந்தையும் கேட்கும் வினா அது. ஆயினும், சித்திரக் கல்வி என்பது யாது என்று அறியுமுன்னரே தீர்ப்பு வழங்கிவிடுகின்றோம் என்பதே நாம் செய்யும் தவறு.

சித்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருவன பாடசாலை நாளில் வரைந்த பூச்சாடியும் பனைமரத்தின் பின்னே மறையும் சூரியனுமே. பல்கலைக்கழகத்திலோ கட்புலக் கலை என்ற பெயரின் கீழ் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, வடிவமைப்பு, புகைப்படம், கணினி வரைகலை எனப் பல துறைகள் அடங்கும். கலை வரலாறும் உடன் கற்பிக்கப்படும். நான்காண்டுக் காலம் மாணவன் தன் கையைப் பழக்குகின்றான். அதனிலும் மேலாகத் தன் கண்ணைப் பழக்குகின்றான்.

கண்ணைப் பழக்குதல் எவ்வாறு? 1919 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே தொடங்கப்பட்ட பௌஹௌஸ் என்னும் கலைப்பள்ளியில் யோசப் அல்பேர்ஸ் என்னும் ஆசிரியர் புதிய மாணவருக்கு அளித்த பயிற்சியொன்று புகழ்பெற்றது. பழைய பத்திரிகைத் தாள்களைக் கொடுத்து, இவற்றைக் கொண்டு ஏதேனும் செய்யுங்கள் என்று கூறிவிட்டு அவர் வெளியே சென்றுவிட்டார். திரும்பி வந்தபோது கோட்டைகளும் கப்பல்களும் முகமூடிகளும் அவர்முன் நின்றன. அவற்றையெல்லாம் விடுத்து, தாளை நெடுக்காக ஒருமுறை மடித்து நிறுத்தியிருந்த ஒரு மாணவனின் வேலையையே அவர் பாராட்டினார். தளர்ந்து கிடக்கும் தாள் ஒரு மடிப்பினாலே நிமிர்ந்து நிற்கும் வலிமை பெறுகின்றது. தாளின் இயல்பை அறிந்தவன் அவன் ஒருவனே என்பது ஆசிரியரின் கருத்து. குறைந்த பொருளிலே நிறைந்த பயன் காணும் இந்தப் பார்வையே வடிவமைப்புத் தொழில் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. தான் வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆசிரியரும் சக மாணவரும் கூறும் குற்றங்குறைகளை வாய்திறவாது கேட்டு நிற்றல். வீட்டிலே "எங்கள் பிள்ளையைப்போல் எவர் வரைவார்!" என்ற புகழிலே வளர்ந்தவனுக்கு முதலாண்டில் இது கசக்கும். நான்காம் ஆண்டில் அதுவே மருந்தாகும். பிற்காலத்திலே வேலை தருபவர் பத்துத் தடவை திருத்தம் கேட்டாலும் மனம் முறியாத பக்குவம் அங்கேதான் பிறக்கின்றது.

கலைக் கல்வி சமூகத்திற்கு என்ன செய்யும் என்று கேட்போர் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த 'முழுமையற்ற தோம்பு' என்ற நூலை அறிதல் நன்று. டில்லியிலே ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்துவரும் தா. சனாதனன் ஆக்கிய நூல் அது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர். போரினால் வீடிழந்தவர்கள் தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். அவற்றைக் கட்டடக் கலைஞரின் வரைபடத்தோடும் தம் ஓவியத்தோடும் சேர்த்து அவர் ஏடாக்கினார். எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லாத கிணற்றடியும் சாமியறையும் அங்கே கோடுகளாய் நிலைபெற்றன. இத்தகைய பணியை ஆற்றக் கைத்திறன் மட்டும் போதாது. கற்ற கண்ணும் வேண்டும்.

இனிச் சோற்றுக் கணக்கிற்கு வருவோம். படம் விற்று மட்டும் குடும்பம் நடத்துவோர் எந்நாட்டிலும் சிலரே. இதனை மறைத்துப் பேசுதல் பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகும். ஆனால், படம் விற்கவில்லை என்பதனால் ஓவியன் பட்டினி கிடக்கவேண்டும் என்பதில்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் அதிபராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் இதே சிக்கலை எதிர்கொண்டவர். தம் மாணவர்கள் பட்டம் பெற்றதும் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். ஆகவே அவர்கள் பத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அப்பணத்தைத் திரட்டி, சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் நிலம் வாங்கினர். 1966 ஆம் ஆண்டிலே சோழமண்டலக் கலைஞர் கிராமம் இவ்வாறு எழுந்தது. கைவினை வயிற்றைக் காத்தது. ஓவியம் எவருக்கும் வளையாமல் வாழ்ந்தது.

நம் மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. கொழும்பிலே ஓவியம் பயின்ற அ. மாற்கு யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியராக ஊதியம் பெற்றார். ஆயினும் 2000 ஆம் ஆண்டில் மறையும்வரை ஓவியராகவே வாழ்ந்தார். அவரிடம் பயின்றோர் பலர் பின்னர் ஓவியராய் விளங்கினர்.

இன்று ஆசிரியத் தொழிலோடு வழி முடிந்துவிடவில்லை. விளம்பரம், நூல் அட்டை, துணி வடிவமைப்பு, மேடை, திரைப்படக் காட்சியமைப்பு, அசைவூட்டப் படம், அரும்பொருட் காட்சியகம் என வாயில்கள் பல உள. சில சொற்களைக் கொடுத்த மாத்திரத்தில் படம் ஆக்கித் தரும் கணினிச் செயலிகளும் வந்துவிட்டன. அவை சிறு வேலைகள் சிலவற்றைப் பறிக்கும் என்ற அச்சம் பொய்யன்று. எனினும், வந்து குவியும் நூறு படங்களில் எது பொருந்தும், எது பொய், எது நம் மண்ணுக்கு அந்நியம் என்று தெரிவதற்குப் பழகிய கண் வேண்டும்.

படிக்கும் இடங்கள் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடத்து சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, கட்புலக் கலைகள் பீடம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், 2005 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய கொழும்பின் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் ஆகியன உள்ளன. அரச பல்கலைக்கழகங்களிலே கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. வண்ணத்திற்கும் தாளுக்குமே செலவாகும். ஒன்றை மறத்தலாகாது. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியெய்துதல் வேண்டும். அதற்கான அறிவித்தலைக் கவனித்து வேறாக விண்ணப்பித்தல் அவசியம். திறமையிருந்தும் இதை அறியாமையால் வாய்ப்பிழத்தல் கூடாது.

மாணவர்க்கு மூன்று சொற்கள். முதலாண்டு முதற்கொண்டே உங்கள் ஆக்கங்களை நாளிட்டுத் தொகுத்து வையுங்கள். வேலை தருபவர் பட்டத்தாளைப் பார்க்குமுன் அத்தொகுதியையே பார்ப்பார். விடுமுறையிலே அச்சகத்திலோ விளம்பர நிலையத்திலோ நாடகக் குழுவிலோ சேர்ந்து உழையுங்கள். கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். தன் உழைப்புக்கு விலை கூறத் தெரியாத கலைஞனைப் பிறர் ஏமாற்றுவது எளிது.

பெற்றோர்க்கு ஒரு சொல். தீர்ப்புக் கூறுமுன் பிள்ளையின் வரைதற் புத்தகத்தை வாங்கி, முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எவரும் ஏவாமலே ஒரே கையை இருபது தடவை வரைந்து வரைந்து திருத்தியிருந்தால், அப்பிள்ளைக்கு அது விளையாட்டன்று. மாமனார் சொன்ன பழமொழியும் பொய்யன்று. சித்திரத்திற்குச் சுவர் வேண்டும்தான். அந்தச் சுவரை எழுப்பும் தொழிலையும் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். முதற் கல்லை எடுத்துக் கொடுக்கும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.