ஊட்டி உயரத்தில் ஒரு பனிக் காடு

ஆஸ்திரேலியக் கண்டத்தின் மிக உயர்ந்த சிகரம் கோசியஸ்கோ. அதன் உயரம் 2,228 மீட்டர்.

நீலகிரியில் உள்ள தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஊட்டி நகரமே ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டிக் கடைவீதியில் காய்கறி வாங்குகிறவர், ஆஸ்திரேலியாவின் உச்சியில் ஏறி நிற்பவருக்கு ஏறக்குறையச் சமமான உயரத்தில்தான் நிற்கிறார்!

ஆனால் குளிரில் இரண்டு இடங்களையும் ஒப்பிட முடியாது. ஊட்டியில் மார்கழி விடியலில் புல்வெளி மேல் உறைபனி படரும். வெயில் வந்ததும் மறைந்துவிடும். கோசியஸ்கோ மலையிலோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை வெண்பனி ஆள் உயரத்துக்கு மேலும் குவிவது உண்டு. அருகில் உள்ள சார்லட் கணவாயில் 29-6-1994 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி சென்டிகிரேடு பதிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் இதுவரை பதிவான கடுங்குளிர் அதுதான்.

ஊட்டி பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. கோசியஸ்கோ 36 டிகிரி தெற்கே தள்ளி இருக்கிறது. இந்தத் தூரம்தான் வித்தியாசத்துக்குக் காரணம்.

அந்தப் பனியில் ஒரு மரம் வளர்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது.

தைலத்தின் தாய்நாடு

மும்பை மருந்துக் கடையில் 'நீலகிரி தேல்' என்று கேட்டால் யூகலிப்டஸ் தைலத்தை எடுத்துக் கொடுப்பார்கள். வட மாநிலங்களில் மரத்துக்கே 'நீலகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அந்த மரம் நீலகிரியில் பிறந்தது அல்ல. 1843-ம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவந்து ஊட்டியில் நட்டார்கள். பின்னர் விறகுக்காக மலை முழுவதும் பரப்பினார்கள்.

யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள், வெண்பனியைத் தாங்கி மலையின் மிக உயரமான பகுதி வரை ஏறி வளரும் இனத்துக்கு 'ஸ்னோ கம்' என்று பெயர். பனிமலைத் தைல மரம் என்று நாம் சொல்லலாம். சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு மேல் அதுவும் நின்றுவிடும். அதற்கும் மேலே புல், பூ, பாறை மட்டுமே.

இந்தக் காட்டையும், அதன் அடியில் பிறக்கும் ஆற்றையும் ஒரே பகலில் நடந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னி நகரில் இருந்து சுமார் 500 கி.மீ. தொலைவில் உள்ள திரெட்போ என்ற மலைக் கிராமத்தில் நடை தொடங்குகிறது. மொத்தம் சுமார் 10 கி.மீ. நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு நடந்தால் ஒரு பகல் போதும்.

அங்கே டிசம்பர், ஜனவரிதான் கோடை. நடக்க ஏற்ற காலம் அதுவே.

நாற்காலியில் ஏற்றம்

திரெட்போ கிராமம் 1,365 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கும் நாற்காலிகள் மேலே போகின்றன. பழனியில் 'ரோப் கார்' ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. சில நிமிடங்களில் 1,930 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஏறுகிற கஷ்டம் இல்லை. பெரும்பாலும் இறக்கம்தான்.

உச்சியில் மரமே கிடையாது. எங்கும் புல்வெளி. கோடையில் வெள்ளை, மஞ்சள் நிறப் பூக்கள் தரையை மூடிக் கிடக்கும். அங்கிருந்து கோசியஸ்கோ சிகரம் ஆறரை கி.மீ. தூரம். அந்தப் பாதையில் பெரும் பகுதிக்கு இரும்பு வலைத் தட்டுகளைத் தரையில் படாமல் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். நடப்பவரின் கால் செடிகளை மிதிக்கக்கூடாது. வலையின் கண் வழியே வெயிலும் மழையும் இறங்கி அடியில் புல் முளைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

சிகரத்துக்குப் போகாமல் இன்னொரு பக்கம் திரும்பி இறங்கினால் 'செத்த குதிரைக் கணவாய்' வரும். பனியில் சிக்கி மாண்டுபோன குதிரைகளால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். அந்தச் சரிவில்தான் ஸ்னோ கம் காடு தொடங்குகிறது.

வளைந்து நிற்கும் மரம்

ஊட்டியில் பார்க்கும் யூகலிப்டஸ் கொடிமரம் போல நேராக வளரும். ஸ்னோ கம் அப்படி அல்ல. காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து, பனியின் பாரத்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். காட்டின் மேல் எல்லையில் ஆளைவிடக் கொஞ்சம் உயரமாக மட்டுமே இருக்கும்.

அழகு அதன் பட்டையில் இருக்கிறது. பழைய பட்டை நாடா நாடாவாக உரிந்து விழும். அடியில் வெண்மை, சாம்பல், இளம்பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறங்கள் கோடு கோடாகத் தெரியும். மழையில் நனைந்தால் நிறங்கள் இன்னும் பளிச்சென்று தோன்றும்.

பனிக்காலத்திலும் இது இலையை உதிர்ப்பதில்லை. தடித்த இலை, தலைகீழாகத் தொங்கும். மேகம் மலையைத் தழுவிப் போகும்போது ஈரம் இலைகளில் ஒட்டி, துளித் துளியாகத் தரையில் சொட்டும். காற்றில் பறக்கும் பனியையும் இந்தக் காடு பிடித்து வைத்துக்கொள்ளும். அது மெல்ல உருகும். அடியில் உள்ள பாசிச் சதுப்பு நிலம் பஞ்சு போல நீரை உறிஞ்சி, சிறுகச் சிறுக ஓடைக்கு விடும்.

மழை மட்டும் ஆற்றைச் செய்வதில்லை. மரமும் சேர்ந்துதான் செய்கிறது.

நெருப்புக்குப் பிறகு

இறங்கும் வழியில் வெள்ளெலும்பு போல நிற்கும் மரங்கள் ஏராளம். 2003-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மின்னல் விழுந்து பற்றிய தீ இந்த மலைகளைச் சுட்டெரித்தது. அந்தத் தீயின் சின்னங்கள் அவை.

தீ மரத்தை முழுவதுமாகக் கொன்றுவிடவில்லை. ஸ்னோ கம் மரத்தின் அடியில், மண்ணோடு ஒட்டி ஒரு பருத்த கட்டை இருக்கிறது. மேலே எல்லாம் கருகினாலும் அந்தக் கட்டையில் இருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். இன்று ஒவ்வொரு வெள்ளை எலும்புக்கும் கீழே பச்சைப் புதர் ஒன்று சூழ்ந்து நிற்பதைக் காணலாம். ஆனால் அது பழைய மரமாக வேண்டுமானால் பல தலைமுறைகள் ஆகும். சில நூறு ஆண்டு வயதுள்ள மரங்கள் இங்கே உண்டு.

2019-20 கோடையில் மறுபடியும் பெருந்தீ வந்தது. பூங்காவின் வேறு பல பகுதிகள் எரிந்தன. தளிர்த்த மரம் பெரிதாவதற்குள் அடுத்த தீ வந்தால் அதன் சேமிப்பு தீர்ந்துபோகும். கடனை அடைப்பதற்குள் அடுத்த கடன் வாங்கும் குடும்பத்தின் கதிதான்.

தீயைவிடப் பெரிய பகை

எரியாத இடத்திலும் மரங்கள் பட்டுப்போகின்றன. அதற்குக் காரணம் ஒரு வண்டு!

நம் ஊரில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தண்டு துளைப்பானைத் தெரியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, நீண்ட கொம்புடைய வண்டு இது. பட்டைக்கு அடியில் இதன் புழு குடைந்துகொண்டே போகும். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது அந்த உள்பட்டை வழியாகத்தான். புழு மரத்தைச் சுற்றி வளையமாகத் தின்றுவிட்டால் அந்த வழி அறுந்துவிடும். மரம் நின்றபடியே செத்துப்போகும்.

இந்த வண்டு வெளியில் இருந்து வந்தது அல்ல. காலங்காலமாக அங்கேயே இருப்பது. முன்பு மரம் தாக்குப் பிடித்தது. இப்போது ஏன் முடியவில்லை? வெப்பம் கூடியிருக்கிறது, வறட்சி கடுமையாகியிருக்கிறது, அதனால் மரம் தளர்ந்து புழுவுக்கு இடம் கொடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அடியில் இருந்து புதிதாகக் கிளம்பும் தளிரும் நிலைக்காமல் போகும் இடங்கள் இருக்கின்றன. அங்கே மரத்தின் கதை முடிந்தது.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக் கழகம் இதை ஆராய்கிறது. மலை பெரிது, ஆராய்ச்சியாளர்களோ சிலர். ஆகவே பட்டுப்போன மரத்தைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்காக நடக்கப் போகிறவரும் காட்டுக்கு உபகாரம் செய்ய முடிகிறது.

ஆற்றங்கரையில்

காடு முடியும் இடத்தில் கணவாய். அங்கே தண்ணீரின் சத்தம் கேட்கும். திரெட்போ ஆறு அப்போதுதான் நடை பழகும் குழந்தை. பாறைகளுக்கு நடுவே பளிங்கு போல ஓடுகிறது. அதன் கரையோடு நடந்தால் கிராமத்துக்கே வந்து சேரலாம்.

கிராமத்துக்கு மேலே மலைச் சாலை ஒன்று செல்கிறது. 30-7-1997 அன்று இரவு அந்தச் சாலையின் கீழ்ச் சரிவு இடிந்து இரண்டு விடுதிகளைப் புதைத்தது. 18 பேர் மாண்டனர். இடிபாட்டுக்குள் கிடந்த ஒருவர் மட்டும் சுமார் 65 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டார். சாலைக்காகக் கொட்டிய மண், கசிந்த தண்ணீர்க் குழாயால் ஊறிச் சரிந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

அந்தச் சாலை 1950-களில் போடப்பட்டது. சுற்றுலாவுக்காக அல்ல, ஓர் ஆற்றைத் திருப்புவதற்காக!

30 நாட்டுத் தொழிலாளர்கள்

திரெட்போ ஆறு கீழே போய் ஜிண்டபைன் ஏரியில் கலக்கிறது. அது ஸ்னோயி நதிக்குக் குறுக்கே 1967-ல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி. பழைய ஜிண்டபைன் ஊர் அதன் அடியில் கிடக்கிறது. ஜனங்களை மேட்டில் புது ஊருக்குக் குடியேற்றினார்கள்.

தென்கிழக்கே ஓடிக் கடலில் விழும் தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, வறண்ட உள்நாட்டு வயல்களுக்குக் கொடுப்பது. வழியில் மின்சாரம் எடுப்பது. இதுதான் திட்டம். மேற்கே பாய்ந்த பெரியாற்றை 1895-ல் கிழக்கே திருப்பி வைகைக்கு விட்ட கதையை அறிந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

வேலை 1949-ல் தொடங்கி 1974-ல் முடிந்தது. 16 பெரிய அணைகள், 7 மின் நிலையங்கள், சுமார் 145 கி.மீ. நீளச் சுரங்கங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர் அல்லர். இத்தாலி, ஜெர்மனி, போலந்து, யூகோஸ்லாவியா, கிரீஸ், நார்வே என்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்கள், அங்கே ஒரே சுரங்கத்துக்குள் தோளோடு தோள் நின்று பாறை உடைத்தார்கள். மொழி தெரியாது. குளிர் எலும்பைத் துளைத்தது. சம்பளத்தை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பியவர்கள் ஏராளம். 121 பேர் வேலையின்போது இறந்தார்கள். கூமா நகரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

திருப்பித் தந்த தண்ணீர்

வயல்கள் செழித்தன; விளக்குகள் எரிந்தன. ஆனால் ஸ்னோயி நதி வற்றியது. ஜிண்டபைன் அணைக்குக் கீழே, இயற்கையாக ஓடிய நீரில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஆற்றுப் படுகையில் மண் மேடிட்டது. கரையோர ஊர் மக்கள் பல ஆண்டுகள் குரல் எழுப்பினார்கள். கடைசியில் 2000-ம் ஆண்டில் மத்திய அரசும் இரண்டு மாநில அரசுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. பழைய நீரில் 28 சதவீதம் வரை படிப்படியாகத் திருப்பித் தருவது என்று இலக்கு வைத்தார்கள். 2002-ல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள்.

எடுத்த தண்ணீரில் ஒரு பகுதியையாவது கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர முடிந்தது. அணையின் கதவு மனிதன் கையில் இருக்கிறது. திறந்தால் ஆறு ஓடும். பட்டுப்போன ஸ்னோ கம் மரத்தை எந்த உடன்பாடும் திருப்பித் தராது. அதற்கு நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

மேலே மரம் இல்லாவிட்டால் அணைக்கு வரும் நீரும் குறையும். பிறகு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு என்ன பயன்?