முதுகு வலிக்காத பாத்திரம்!

பள்ளிக்கூடத்தில் சாரணர் முகாம் போகிறீர்கள் என்று வையுங்கள். முதுகில் பை. பையில் போர்வை, துணி, டார்ச், அரிசி, பருப்பு... சரி, சோறு பொங்க பாத்திரம்? பாட்டி வீட்டுப் பித்தளைப் பானையைக் கட்டித் தூக்கினால், திருத்தங்கல் பெருமாள் கோவில் மலைப் படியைத் தாண்டுவதற்குள் நாக்கு தள்ளிவிடும்!

மலையேறுபவர்கள் எல்லாருக்கும் இதே கவலைதான். பாத்திரம் கனக்கக் கூடாது. விலையும் அதிகம் இருக்கக் கூடாது. இந்தக் கவலைக்கு நம் சென்னையிலேயே ஒருவர் வழி தேடினார் தெரியுமா?

அவர் பெயர் ஆல்பிரட் சாட்டர்டன். ஆங்கிலேயப் பொறியாளர். 1898-ல் சென்னை கலைப் பள்ளியில் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அப்போது வீடுகளில் செம்பும் பித்தளையும்தான். கனமோ கனம்! அடிக்கடி ஈயம் வேறு பூச வேண்டும். அலுமினியத்துக்கு ஈயம் தேவையில்லை. ஒரே அளவு கட்டி எடுத்தால், பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனக்கும். சோதனை பலித்தது. 1900-ல் சென்னையில் அலுமினியப் பாத்திரக் கம்பெனியே வந்துவிட்டது!

நம் ஊர் மத்தாப்பில் வெள்ளை வெளேர் என்று ஒளி வருகிறதே, அதற்குக் காரணமும் அலுமினியத் தூள்தான். பாத்திரமாக இருந்தால் சோறு பொங்கும். தூளாக இருந்தால் பொறி பறக்கும்!

பாத்திரமே இல்லாவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் ஆடி முதல் நாளில் 'தேங்காய் சுடும் பண்டிகை' நடக்கும். தேங்காயின் கண்ணில் ஓட்டை போட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், அவல், எள் எல்லாம் திணிப்பார்கள். ஓட்டையில் அழிஞ்சில் குச்சியைச் செருகித் தீயில் வாட்டுவார்கள். சிரட்டைதான் பாத்திரம், குச்சிதான் கைப்பிடி! ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பச்சை மூங்கில் குழாய்க்குள் கோழிக்கறி வேகும்.

"சிரட்டையும் மூங்கிலும் எரிந்து போகாதா?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! உள்ளே ஈரம் இருக்கும்வரை, வரும் சூட்டை அந்த ஈரம் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் சூடாகாமல் ஆவியாகப் போய்விடும். காகிதம் பற்றிக்கொள்ளச் சுமார் 230 டிகிரி வேண்டும். அதனால்தான் தண்ணீர் நிரப்பிய காகிதக் கிண்ணத்தின் அடியில் மெழுகுவர்த்தியைக் காட்டினாலும் கிண்ணம் எரியாது. தண்ணீர் வற்றினால் அவ்வளவுதான், குப்பென்று பற்றிக்கொள்ளும்! இதை ஆசிரியரோ பெற்றோரோ செய்து காட்ட, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

அலுமினியமும் அப்படித்தான். அது 660 டிகிரியில் உருகும். தண்ணீர் இருந்தால் பயமில்லை. காலிப் பாத்திரத்தை விறகுத் தீயில் மறந்துவிட்டால் அடி இளகிப் போகலாம்.

"காலி குளிர்பான டின் இருக்கிறதே, அதில் சமைக்கலாமா?" வேண்டாம் குட்டீஸ்! அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் போன்ற பூச்சு உண்டு. சூடுபட்டால் உணவில் கலக்கும். வெட்டிய விளிம்பும் கையைக் கிழிக்கும். பெயின்ட் டின், மருந்து டின், பட்டாசு ஆலையில் ரசாயனம் வைத்திருந்த டப்பா எதையும் தொடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது சமையல் பாத்திரம் ஆகாது.

அப்போ எதுதான் நல்லது? வீட்டில் இருக்கும் சின்ன எவர்சில்வர் தூக்குச் சட்டிதான்! தகடு மெல்லியது என்பதால் அதிகம் கனக்காது. கைப்பிடியில் கம்பைக் கோத்துத் தொங்கவிடலாம். மூடியே தட்டு ஆகிவிடும். உள்ளே அரிசியை நிரப்பிக்கொண்டால் பையில் இடமும் மிச்சம். அலுமினியச் சட்டி என்றால் சோறு, கஞ்சி மட்டும் வையுங்கள். ரசம், புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு உலோகத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும்.

இன்னொன்று முக்கியம். காட்டுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது! 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நம் மாவட்டத்துச் சதுரகிரி மலைக்காடு, 2021-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே போனால் கட்டுச்சோறுதான் சரி. முகாமில் சமைத்தாலும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். பட்டாசு ஆலை, பட்டாசுக் கடை இருக்கும் பக்கம் தீப்பெட்டியையே எடுக்காதீர்கள்.

இன்றைக்கு ஒரு சின்ன வேலை: வீட்டில் உள்ள மூன்று பாத்திரங்களை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எது உங்கள் முதுகுக்குத் தோழன் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்!