செம்மண் பாதையில் மலைச் சைக்கிள்



பேராக் தோட்டப்புறங்களுக்குச் சைக்கிள் புதிய பொருளன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போகவும், வெட்டிய பாலை வாளிகளில் மாட்டி ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்கவும் நம் பெற்றோருக்குக் கை கொடுத்தது அதுதான். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. ஆனாலும் மேடும் பள்ளமுமான செம்மண் பாதைகள் இன்னும் இருக்கின்றன. ஈப்போவுக்கு அருகே கிளெடாங் மலைப் பக்கம் இளைஞர்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகளும் மலைச் சைக்கிள் கேட்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

சைக்கிள் டயருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1880-களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகன் ஓட்டிய மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பிறகு சைக்கிளும் மோட்டார் வண்டியும் பெருகின, ரப்பருக்குத் தேவை ஏறியது, தோட்டங்கள் பரவின, நம் முன்னோர் கடல் கடந்து வந்து பால் வெட்டினார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகச் செய்த டயர் அது. நம் பிள்ளைக்கு வாங்கும் டயரிலும் அதே அக்கறை வேண்டாமா?

முதலில் சைக்கிளின் உயரம். "அடுத்த வருடம் வளர்ந்துவிடுவான்" என்று பெரிய சைக்கிளாக வாங்குவது நம்மிடையே உள்ள பழக்கம். சட்டைக்கு அது சரி, சைக்கிளுக்குச் சரியல்ல. கால் எட்டாத பிள்ளை, இறக்கத்தில் அவசரமாக நிறுத்தும்போது தரையில் ஊன்ற முடியாமல் சாய்ந்துவிடும். நடுக்கம்பியின் இரு பக்கமும் கால் வைத்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 2 அங்குல இடைவெளி வேண்டும். அடுத்து, சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும். அதுவே சரியான உயரம். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் சீட்டைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கப் பழக வேண்டும். '26 × 1⅜' என்பதும் '26 × 2.10' என்பதும் பேச்சில் 'இருபத்தாறு' தான். ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று பொருந்தாது. '54-559' என்பது போன்ற இரட்டை எண்ணே ஏமாற்றாது. முன்னது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பின்னது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு. 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு அது 559, மேற்சொன்ன மெல்லிய இருபத்தாறுக்கு 590, 27.5 அங்குலத்திற்கு 584. 29 அங்குலத்திற்கு 622. நம் தாத்தா ஓட்டிய '28 × 1½' டயருக்கு 635. கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்த காசு வீணாகாது.

டயரின் பல்லையும் பார்க்க வேண்டும். மழையில் நம் செம்மண் களியாகி அப்பிக்கொள்ளும். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடுக்குகளில் மண் அடைத்து, டயர் மொட்டையாகிவிடும், பிடிப்பு போய்விடும். உயரமான பற்கள் இடைவெளி விட்டு அமைந்திருந்தால், சுழலும்போதே மண் உதிர்ந்துவிடும். தார் ரோட்டிலேயே அதிகம் ஓடும் பிள்ளைக்கு நெருங்கிய, தாழ்ந்த பற்களே போதும்.

இரண்டு டயரும் தேய்ந்து, ஒன்றுக்கு மட்டுமே கையில் காசு இருந்தால் என்ன செய்வது? புதியதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் நொடியில் கீழே விழ நேரும்.

காற்றின் அளவும் டயரிலேயே எழுதியிருக்கும். அந்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவர் 2.10 அங்குல டயரில் கரடுமுரடான பாதையில் ஓட்ட 30 முதல் 35 பவுண்டு வரை காற்று போதும். மிகவும் இறுக்கினால் கல்லில் துள்ளும். மிகவும் குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும். செம்பனை மட்டையின் முள் குத்தியிருந்தால், டியூபை ஒட்டியதோடு விட்டுவிடாதீர்கள். பழந்துணியால் டயரின் உட்புறத்தை மெல்லத் துடைத்துப் பாருங்கள். ஒளிந்திருக்கும் முள் துணியில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் மறுநாளே மீண்டும் காற்று இறங்கும்.

இனி மிக முக்கியமானதற்கு வருவோம். டயர் கிழிந்தால் மாற்றலாம். மண்டை உடைந்தால் மாற்ற முடியுமா? தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு, அடிபடும்போது தான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது. கவசம் புருவத்திற்கு மேலே இரு விரல் அகலத்தில் அமர வேண்டும். பின்னால் சாய்ந்து நெற்றியைக் காட்டக் கூடாது. வார்கள் காதின் கீழே கூடி, தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும்.

விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கை; ஆகவே கையுறை நல்லது. சரளைக்கல் இறக்கத்தில் முழங்கால், முழங்கை உறைகள் உதவும். செருப்புக்குப் பதில் மூடிய காலணி வேண்டும். கால்சட்டையின் விளிம்பு செயினில் மாட்டாதபடி ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

இவையெல்லாம் இருந்தாலும் பிரேக் இல்லாத சைக்கிளில் பயனில்லை. 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில், 'லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் அதிகாலை இருளில் சென்ற இளையர் கூட்டத்தில் கார் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தனர். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தது. பெற்றோராகிய நமக்கு உள்ள கேள்வி வேறு. பிள்ளையின் சைக்கிளில் பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, அது எந்நேரத்தில் எங்கே ஓடுகிறது என்பது நமக்குத் தெரியுமா?

"இத்தனைக்கும் காசுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படியானால் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் தலைக்கவசமும் பிரேக் கட்டையும், அடுத்து முன்டயர், பிறகு கையுறை. பளபளக்கும் வண்ணமும் கூடுதல் கியரும் கடைசியில் வரட்டும். நல்ல நிலையிலுள்ள பழைய சைக்கிளில் தலைக்கவசத்தோடு போகும் பிள்ளை, புதிய சைக்கிளில் வெறுந்தலையோடு போகும் பிள்ளையைவிடப் பாதுகாப்பாக வீடு திரும்பும்.