மலை ஏறிய மில்லிங் மெஷின்

கொடைக்கானலில் குடித்தனம் நடத்தும் பெண்மணி யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்த ஊர்ச் சீதோஷ்ணத்தைப் பற்றி ஒரு பாடமே நடத்திவிடுவாள். இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிந்தால் பொங்கியிருக்காது. பாத்திரத்துக்குக் கம்பளி சுற்ற வேண்டும். துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். அங்கே, 7,000 அடி உயரத்தில், தண்ணீர் 100 டிகிரி வரை பொறுத்திருப்பதில்லை. 93 டிகிரியிலேயே கொதித்துத் தீர்த்துவிடும். கீழே வத்தலக்குண்டில் கைவந்த சமையல் குறிப்பை மேலே கொண்டு போனால், கொஞ்சம் திருத்திக்கொள்ளாமல் காரியம் நடக்காது.

இரும்பு சீவும் யந்திரத்துக்கும் இதே கதைதான் என்றால் நம்புவீர்களா?

சி.என்.சி. மில்லிங் மெஷின் என்ற பெயரை இப்போது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். பெண்ணோ பிள்ளையோ ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டுக் கோயமுத்தூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகிறது. "என்னம்மா வேலை?" என்றால், "சி.என்.சி. செட்டிங்" என்று ஒரு பதில். அதற்கு மேல் கேட்க நமக்குக் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

வாசலில் முதல் புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதில்தானே எல்லாம் இருக்கிறது? அந்தப் புள்ளியிலிருந்து வலமாக இத்தனை, மேலாக இத்தனை என்று எண்ணிக்கொண்டு போகிறோம். மெஷினும் அப்படியே. மேஜையில் பூட்டிய உலோகத் துண்டுக்கு 'ஜாப்' என்று பெயர். அதன் ஒரு மூலையை 'ஜீரோ' என்று யந்திரத்துக்குச் சொல்லிவிட்டால், அங்கிருந்து எக்ஸ், ஒய் என்று இரு திசையும், உயரத்துக்கு இசட் என்று ஒரு திசையும் வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த எண்களின்படி கட்டர் ஓடுகிறது. 'ஜி 0' என்றால் காற்றில் வேகமாகப் போ. 'ஜி 1' என்றால் சீவிக்கொண்டு நிதானமாகப் போ. 'ஜி 54' என்றால் நான் குறித்துக் கொடுத்த முதல் புள்ளியைப் பார். இந்த வித்தை 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, எண்களைக் காகித நாடாவில் துளை துளையாகக் குத்திக் கொடுத்தார்கள். இப்போது நாடா போய்விட்டது. முதல் புள்ளி மட்டும் போகவில்லை.

கோலத்தில் முதல் புள்ளி தவறினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். இங்கே தவறினால், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் கட்டர் நேரே வைஸின் மேல் போய் இடிக்கும். கட்டர் போகும், சில சமயம் ஸ்பிண்டிலும் போகும். ஒரு சின்னப் பட்டறை அந்தச் செலவைத் தாங்குவது கஷ்டம். புதிதாக வேலைக்கு வந்த பெண் அன்று இரவு சாப்பிட மாட்டாள்.

ஆகையால் அனுபவசாலிகள் செய்வதைக் கேளுங்கள். முதலில் வைஸைத் துடைக்க வேண்டும். ஒரு சீவல் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஜாப் சாய்ந்து உட்காரும். வைஸின் அசையாத தாடை நேராக இருக்கிறதா என்று டயல் கேஜை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜாபின் அடியில் வைத்த பட்டைகளை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் ஜாப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மெல்லிய தகடாக இருந்தால் பலங்கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது. இறுக்கும்போது வளைந்து, வளைந்தபடியே சமமாகச் சீவப்பட்டு, அவிழ்த்தவுடன் பழையபடி நிமிர்ந்து கோணலாகிவிடும்.

அப்புறம் கட்டரின் நீளம். ஒவ்வொரு கட்டருக்கும் ஒவ்வொரு நீளம். அதை அளந்து ஒரு நம்பரில் பதிந்து வைப்பார்கள். புரோகிராமில் 'ஜி 43' என்று எழுதி, பக்கத்தில் அந்த எச் நம்பரைப் போட வேண்டும். மூன்றாம் கட்டருக்கு நான்காம் நம்பரைப் போட்டால் வம்புதான். இன்னொன்று தசமப் புள்ளி. சில மெஷின்களில் 10 என்று புள்ளி வைக்காமல் எழுதினால் அதைப் பத்து மில்லி மீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது. மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு மகத்துவம்!

முதல் ஓட்டத்தைக் காற்றில் விடுவது நல்ல வழக்கம். ஜீரோவை 50 மில்லி மீட்டர் உயர்த்தி வைத்துக்கொண்டு, கட்டர் வெறும் காற்றைச் சீவுவதைப் பார்க்க வேண்டும். பிறகு நிஜ உயரத்தில், ஒரு வரிக்கு ஒரு வரி நிறுத்தி நிறுத்தி, வேகத்தைக் கால்பங்குக்குக் குறைத்து இறக்க வேண்டும். ஜாபுக்குச் சற்று மேலே நிறுத்தி, 'இன்னும் போக வேண்டிய தூரம்' எவ்வளவு என்று திரையைப் பார்க்கலாம். திரை 60 என்கிறது, கண்ணுக்கு 10 மில்லி மீட்டர்தான் இடைவெளி தெரிகிறது என்றால், சட்டென்று நிறுத்திவிட வேண்டியதுதான். எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாத எச்சரிக்கையை ஓர் ஆறங்குல ஸ்கேல் சொல்லிவிடும்.

வேகக் கணக்கும் பெரிய பிரம்மவித்தை இல்லை. சாதாரண எஃகைச் சீவ, ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டரின் விளிம்பு நிமிஷத்துக்கு 25 மீட்டர் ஓடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி மீட்டர் கட்டரின் சுற்றளவு 31.4 மில்லி மீட்டர். வகுத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று. நாலு பல் கட்டர், பல்லுக்கு 0.05 மில்லி மீட்டர் என்றால், மேஜை நிமிஷத்துக்கு 160 மில்லி மீட்டர் நகரலாம். பால் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது எம்மாத்திரம்?

இனி மலைக்கு வருவோம். பழனி மலையில் நுட்பமான யந்திர வேலை புதிதல்ல. 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் இருந்தார். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடுவதை 1909-ல் கண்டுபிடித்தவர் அவர்தான். சூரியனை ஒரே நிற ஒளியில் படம் பிடிக்கும் கருவியோடு சேர்த்து இயங்க, 1911-ல் தாமே இன்னொரு கருவியைச் செய்து இணைத்தார். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் வானசாஸ்திரிதான். சூரியனின் விளிம்பில் எழும் ஜுவாலைகளை அங்கேயே இருந்து ஆராய்ந்தார். இத்தாலியக் கவி தாந்தேயின் வானசாஸ்திர அறிவைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கணவர் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மனைவியின் பெயரை நம் பெண்களுக்கு எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தக் கருவியில் ஒரு மெல்லிய பிளவின் குறுக்கே சூரிய பிம்பம் ஒரே சீராக நகர வேண்டும். நகர்வு திக்கினால் படத்தில் கோடு கோடாக விழும். மில்லிங் மெஷினின் மேஜை திக்கினாலும் அதே கோடுகள்தான், ஜாபின் முகத்தில். 1960-களின் ஆரம்பத்தில் அதே கூடத்தில் வேலைக்கு வந்த சூரியத் தொலைநோக்கியில், ஒளியை 60 மீட்டர் நீளமுள்ள பூமிக்கடிச் சுரங்கத்தின் வழியாகக் கொண்டு போகிறார்கள். தரைக்கு அடியில் உஷ்ணம் அவ்வளவாக மாறுவதில்லை. ஒளியை வாங்கித் தரும் கண்ணாடிகளும் உருக்கிய குவார்ட்ஸால் ஆனவை. சூட்டில் அது மிகமிகக் கொஞ்சமே விரியும்.

உஷ்ணம்தான் இதில் பெரிய சத்துரு. உலகமெங்கும் அளவுகளை 20 டிகிரி உஷ்ணத்தில் பார்ப்பது என்று 1931-ல் முடிவாயிற்று. கொடைக்கானலின் பகல் பெரும்பாலும் இதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அது மலையின் அதிர்ஷ்டம். ஆனால் அங்கே கடைந்த அலுமினியச் சாமானை மலையடிவாரத்தில், 35 டிகிரியில் அளந்து பாருங்கள். 300 மில்லி மீட்டர் நீளம் ஏறக்குறைய 0.1 மில்லி மீட்டர் கூடியிருக்கும். நம் தலைமயிரின் கனத்தைவிட அதிகம்! 50 மில்லி மீட்டர் துளைக்குச் சாதாரணமாகத் தருகிற தவணை 0.025 மில்லி மீட்டர், அதில் 0.017-ஐ இந்த வெயிலே விழுங்கிவிடும். "மேலே சரியாக இருந்ததே, கீழே வந்து எப்படிக் கெட்டது?" என்று ஆபரேட்டர் பெண்ணைத் திட்டுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பார்ப்பது நியாயம். அளவுக் கருவியையும் ஜாபையும் ஒரே அறையில், ஒரே மேஜையில் சில மணி நேரம் வைத்துவிட்டு அளந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

மலைக் குளிரில் காலையில் மெஷின் எழுந்தவுடன் வேலை வாங்கவும் கூடாது. பதினைந்து இருபது நிமிஷம் சும்மாச் சுற்றவிட்டு, ஸ்பிண்டில் சூடான பிறகே முக்கியமான அளவைத் தொட வேண்டும். இல்லையென்றால் காலை ஜாப் ஓர் அளவு, மத்தியான ஜாப் ஓர் அளவு என்று வரும். மூடுபனி இறங்கும் மாதங்களில் இரவே மேஜையைத் துடைத்து எண்ணெய் தடவிவிட்டுப் போகாவிட்டால், விடிந்ததும் செம்பழுப்பாகத் துரு வரவேற்கும்.

மெஷின் வாங்குகிறவர்கள் கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு: "எந்த உயரம் வரை இதற்கு உத்தரவாதம்?" சாதாரண மோட்டார்களின் சக்தி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரைக்கே கணக்கிடப்படுகிறது. கொடைக்கானல் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். மெல்லிய காற்று மோட்டாரின் சூட்டைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. ஆகவே முழுச் சுமையையும் ஏற்றாமல் கொஞ்சம் குறைத்தே வேலை வாங்க வேண்டும்.

கூலண்ட் என்ற எண்ணெய்த் தண்ணீர் விஷயத்தில் மலைக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. அது சின்ன விஷயம். கெட்டுப்போனதை எங்கே கொட்டுவது என்பதுதான் பெரிய விஷயம். கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் பட்ட கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதால் 2001-ல் மூடப்பட்டது. அதன் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது 2016-ல்! மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதற்குப் பிறகும் நீண்டது. மலையில் கொட்டியது மலையிலேயே நிற்பதில்லை; ஓடைகளோடு இறங்கிக் கீழே ஊர்க் குடத்துக்கு வந்துவிடும். கூலண்ட் பாதரசம் அல்லதான்; என்றாலும் சாக்கடையில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து, கழிவு எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

பெண்ணை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்கும் அம்மாக்களுக்கு என் அபிப்பிராயம்: தாராளமாக அனுப்பலாம். கனமான சாமானைத் தூக்கக் கிரேன் இருக்கிறது, மற்றதெல்லாம் கவனம்தான். ஆனால் வளையல், மோதிரம், தொங்கும் துப்பட்டா மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். ஜடையைச் சுருட்டித் தொப்பிக்குள் செருக வேண்டும். சுழலும் கட்டரின் அருகே கையுறை போடவே கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கட்டர் துணியின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுத்துவிடும். மெஷினின் கதவு திறந்திருந்தால் ஓடாதபடி வைத்திருக்கும் பூட்டை, "அவசரம்" என்று மேஸ்திரியே கழற்றச் சொன்னாலும் கழற்றக் கூடாது. அந்த இடத்தில் பெண் வாயைத் திறந்து மறுக்க வேண்டும். அதற்கு வீட்டில் தைரியம் சொல்லி அனுப்புங்கள்.

வேலை உடுப்பை மற்றத் துணிகளோடு ஊற வைக்காதீர்கள். வாசலில் நன்றாக உதறிவிட்டுத் தனி வாளியில் போடுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடுப்பின் மேல் தடவினால் எஃகுச் சீவல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். துணியை அவிழ்த்தால் சீவல் தானாக உதிரும். அலுமினியத்துக்குக் காந்தம் பலிக்காது. அதற்குத் தடித்த பிரஷ்தான்; மடிப்புகளிலும் பையின் அடியிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.