பத்திரத்தில் யார் பெயர்?

2000-ம் வருஷத்தில் ஸ்ரீமதி வீணா குமாரவேல் சென்னையில் 'நேச்சுரல்ஸ்' அழகு நிலையத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அப்பெயர் தாங்கிய நிலையங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. பெயரையும் முறையையும் கம்பெனி கொடுக்கும். இடத்தையும் முதலையும் உரிமை பெறுகிறவர் போட வேண்டும். இதுவே பிரான்சைஸ் வியாபாரம். அவ்விதம் உரிமை பெற்றோரில் ஸ்திரீகள் அநேகர்.

கோயமுத்தூர்ப் பெண்களுக்கும் இத்திறமை உண்டு. ஆனால் முதலுக்கு எங்கே போவார்கள்? பெருங்கடனுக்குப் பாங்கிக்காரர் ஈடு கேட்பார். காடும் தோட்டமும் கட்டடமும் பெரும்பாலும் தகப்பனார், தமையனார், கணவர் பெயரில் அன்றோ இருக்கின்றன!

சட்டம் பெண்ணைக் கைவிடவில்லை. ஹிந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989-ல் தமிழ்நாடு விதித்தது. முன்பே மணமானவர்களுக்கு மட்டும் விலக்கு. 2005-ல் மத்திய சட்டம் அவ்விலக்கையும் ஒழித்தது. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை என்பது 2025 ஏப்ரலில் வந்தது.

ஆயினும், நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. நிலமுடையவளே துணிந்து கடை வைப்பாள். நாளை கட்டடம் எழுப்பி வாடகைக்கும் விடுவாள். மாதர் முன்னேற்றம் பற்றி மேடையில் முழங்கும் நண்பர்கள், முதலில் தத்தம் வீட்டு விடுதலைப் பத்திரத்தைக் கிழித்தெறிவார்களாக!