தங்கச்சி மகளுக்கு கம்ப்யூட்டர்: மாமாவின் சீட்டுப் பணத்துக்கு எத்தனை வலை!

பளபளக்கும் பெட்டியில் மயங்காதீங்க! உள்ளே இருக்கும் சாமானைப் பாருங்க!

திருவண்ணாமலை:-

தேரடி வீதியில் சின்னதாக ஒரு கடை. சீட்டு எடுத்த பணம் மடியில். தங்கச்சி மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள்.

"மாமா, வீட்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா நல்லா இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லி விட்டாள். தாய்மாமன் சும்மா இருப்பாரா? கிளம்பி விடுகிறார் சென்னைக்கு!

கம்பெனி செட் விலை கட்டுபடி ஆகாது. தனித்தனியாக சாமான் வாங்கி "அசெம்பிள்" செய்தால் மிச்சம் பிடிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கக் கூடாது என்று தெரியாமல் போனால், சீட்டுப் பணம் அம்பேல்!

விடியும் முன் ரெயில்

சென்னை கடற்கரை - வேலூர் கண்டோன்மெண்ட் ரெயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. விடியும் முன்பே ஏறினால் முற்பகலில் பட்டணம். அங்கிருந்து நேரே ரிச்சி தெரு.

டெல்லிக்கு நேரு பிளேஸ் என்றால் சென்னைக்கு ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் இருக்கிறது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சந்து சந்தாகக் கடைகள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கி இருக்கும். அன்றைக்குப் போனால் வீண் அலைச்சல்.

"வாங்கண்ணே, என்ன வேணும்?" என்று நாலு பக்கமும் குரல் கேட்கும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒரே எழுத்தில் ஏமாற்றம்

கம்ப்யூட்டருக்கு மூளை பிராசசர். கணக்கு எழுதவும், பாடம் படிக்கவும், லெட்டர் அடிக்கவும் இன்டெல் "ஐ3-12100" போதும். நாலு கோர் கொண்ட இது 2022-ல் வந்தது.

அதே நம்பரில் கடைசியில் "எப்" என்ற எழுத்தோடு இன்னொன்று உண்டு. விலை குறைவு. "இதை எடுத்துக்குங்கண்ணே, ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள்.

ஒன்று அல்ல! "எப்" போட்டதில் திரையில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினால்தான் திரையில் எழுத்தே வரும். மிச்சம் பிடித்ததற்கு மேல் தண்டம் அழ வேண்டும்.

ஏ.எம்.டி.யில் இதற்கு நேர்மாறு. "ரைசன் 5 5600ஜி" என்றால் படம் வரும். "ஜி" இல்லாத வெறும் 5600-ல் வராது.

ரேம் விலை "கிடுகிடு"

2025 கடைசியில் இருந்து ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஏ.ஐ. கம்பெனிகள் தங்கள் ராட்சதக் கம்ப்யூட்டர்களுக்கு மெமரியை மொத்தமாக அள்ளியதுதான் காரணம். அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி "குருஷியல்" என்ற பெயரில் நடத்திய சில்லரை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

எங்கேயோ ஏ.ஐ. ஓடுகிறது, இங்கே தேரடி வீதி மாமாவின் பையில் துண்டு விழுகிறது!

இதற்கு வழி என்ன? ரேம் மாட்ட மதர்போர்டில் இரண்டு இடம் இருக்கும். இப்போது 8 ஜி.பி.யில் ஒன்றைப் போட்டு, மற்றதைக் காலியாக விடலாம். கையில் காசு புரளும்போது இன்னொன்று மாட்டிக் கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. டி.டி.ஆர்.4 ரேம், டி.டி.ஆர்.5 போர்டில் ஏறாது. "எச்610" போர்டு இரண்டு வகையிலும் வருகிறது. போர்டையும் ரேமையும் பொருத்திப் பார்த்துத்தான் காசு எண்ண வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம். எஸ்.எஸ்.டி. போடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சுவிட்ச் போட்டு டீ குடித்து விட்டு வந்து உட்காரும் காலம் போய் விட்டது.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இனிதான் முக்கியமான விஷயம்.

கண்ணாடிக் கதவு, கலர் கலராக விளக்கு என்று கேபினெட் ஜொலிக்கும். "எஸ்.எம்.பி.எஸ். உள்ளேயே இனாம்ணே" என்பார்கள். அந்த இனாம்தான் எமன்!

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்து உள்ளே கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். மட்ட ரகமாக இருந்து, கரண்ட் ஏறி இறங்கும்போது வெடித்தால் அது மட்டும் போகாது. போர்டு, எஸ்.எஸ்.டி. என்று கூட இருப்பதையும் கொண்டு போகலாம். பெண் எழுதி வைத்த பாடம், புராஜெக்ட் எல்லாம் போச்சு!

"450 வாட்ஸ்" என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கணக்கு எழுதும் செட் சாதாரண வேலையில் 100 வாட்ஸைத் தாண்டுவதே அபூர்வம். வாட்ஸ் பெரிதல்ல, தரம்தான் பெரிது. மூன்று வருஷமாவது வாரண்டி தரும் கம்பெனி சரக்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேபினெட் வெறும் தகரப் பெட்டியாக இருந்தால் போதும்.

விளக்கு பார்க்க ஆசையா? கார்த்திகைக்கு மலை உச்சியில் தீபம் தெரிகிறது. அதற்குக் காசு கிடையாது!

"செகண்ட் ஹேண்ட்" செட்டா? உஷார்!

ஆபீசில் கழித்த பழைய செட்டுகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். தப்பில்லை. ஆனால் இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையா என்று கேளுங்கள். அதற்கு முந்தையதற்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்து விட்டது.

விண்டோசுக்குப் பணம் இல்லையா? திருட்டுச் சரக்கு வேண்டாம். லினக்ஸ் இலவசம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" லினக்சில் தமிழும் உண்டு.

பில் வேணுமா, வேணாமா?

கடைசியாக வருவது இந்தக் கேள்வி. "பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தர்றேன்ணே" என்பார்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மாமாவுக்கு சபலம் தட்டும்.

பில் இல்லை என்றால் வாரண்டிக்கு ஆதாரம் இல்லை. மூன்றாம் மாதம் போர்டு படுத்தால், மறுபடி ரெயில் ஏறி வந்து யாரிடம் போய் நிற்பது? ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் தெம்பு இருக்கும்.

மாட்டி முடித்ததும் கடையிலேயே ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். மானிட்டரையும் யு.பி.எஸ்.சையும் திருவண்ணாமலையிலேயே வாங்கி விடலாம். ரெயிலில் மடியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. ரிப்பேர் என்றாலும் நாலு தெரு நடந்தால் போதும்.

நள்ளிரவில் பெட்டியோடு வந்து இறங்குகிறார் மாமா. மறுநாள் காலை பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள் தங்கச்சி மகள்.

"என்ன மாமா, லைட்டே இல்ல?"

"உள்ளே இருக்கும்மா. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எரியும்!"