குழல் நீண்டால் குரல் மாறும்

கிளாரினெட் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றுவது, கல்யாண ஊர்வலத்துப் பாண்டு வாத்தியக்காரரின் கையிலோ, கர்நாடக சங்கீத மேடையில் ஏ. கே. சி. நடராஜன் அவர்களின் கையிலோ கண்ட, வெள்ளிநிறச் சாவிகள் பொருந்திய, இரண்டடிக்குச் சற்றே மேற்பட்ட கரிய மரக்குழல் ஒன்றுதான். ஆனால் அது தனி வாத்தியமன்று. ஒன்றரைச் சாண் அளவேயான சிறு குழல் முதல், குழாயை இரண்டு மூன்று முறை மடித்து வளைத்தும் ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெருங்குழல் வரையில், கிளாரினெட் என்ற பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது. இத்தனை அளவுகள் ஏன் தோன்றின, தோன்றிய காரணம் மறைந்த பின்னும் ஏன் நிலைத்தன என்பவை, சங்கீதத்தில் ருசியுள்ள எவரும் ஆராய்ந்து பார்க்கத்தக்க விஷயங்கள்.

முதலில் குழலின் இயல்பைக் கவனிப்போம். மேனாட்டுப் புல்லாங்குழலும் சாதாரணக் கிளாரினெட்டும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சுமார் 66 சென்டிமீட்டர். எனினும் புல்லாங்குழலின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் விநாடிக்கு ஏறத்தாழ 262 அதிர்வுகளைக் கொண்டிருக்க, கிளாரினெட்டோ 147 அதிர்வுகள் வரையில் இறங்கிச் செல்கிறது. இதற்குக் காரணம், புல்லாங்குழல் இருபுறமும் திறந்த குழாய்போல நடந்துகொள்ளுகையில், ரீட் என்னும் நாணல் தகடு பொருந்திய கிளாரினெட், ஒருபுறம் அடைபட்ட குழாய்போல நடந்துகொள்வதே. புல்லாங்குழலில் விரல்களை மாற்றாமல் ஊதும் வேகத்தைக் கூட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கிளாரினெட்டிலோ அது ஸ்தாயியைத் தாண்டி, மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் நிற்கும். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்ற வாத்தியச் சிற்பி, 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஷாலுமோ என்ற பழைய குழலைத் திருத்தி, இந்தத் தாவலைச் சாத்தியமாக்கும் சாவி ஒன்றைப் பொருத்தியதிலிருந்தே கிளாரினெட்டின் சரித்திரம் தொடங்குகிறது.

இந்த நீண்ட தாவலே தொல்லைக்கும் மூலமாயிற்று. தாவலுக்கு இடைப்பட்ட ஸ்வரங்கள் அனைத்துக்கும் துவாரங்கள் வேண்டும். துவாரங்களோ விரல்களைவிட அதிகம். மோட்ஸார்ட் காலத்துக் கிளாரினெட்டுகளில் பெரும்பாலும் ஐந்து சாவிகளே இருந்தமையால், குழலுக்கு இயல்பான ஸ்வர வரிசையில் இனிமையாக வாசித்த வித்துவான், அதிலிருந்து விலகிய வரிசைகளில் விரல்களைக் கோணலாக மாற்றி மாற்றி மூட நேர்ந்து, நாதமும் மங்கிச் சுருதியும் பிசகித் தவித்தார். ஆகவே, விரல்களை வருத்துவதைவிடக் குழலையே மாற்றிக்கொள்வது மேல் என்று அக்காலத்தார் முடிவு செய்தனர்.

இதன் தத்துவம் நம் நாட்டு ரசிகருக்கு எளிதில் புலப்படக்கூடியது. நம் பாடகர் எந்தக் கட்டையில் சுருதி வைத்துக்கொண்டாலும் தம் ஆதார ஸ்வரத்தை ஷட்ஜம் என்றே சொல்கிறார். ஸ்வரத்தின் பெயர் மாறுவதில்லை, ஒலி மட்டும் ஏறி இறங்குகிறது. கிளாரினெட் வித்துவானும் தாளில் ‘சி’ என்று எழுதியிருப்பதைக் கண்டவுடன் பழகிய அதே விரல்களை வைக்கிறார். கையிலிருப்பது சி கிளாரினெட்டானால் நம் கணக்கில் ஒரு கட்டையும், பி ஃபிளாட் கிளாரினெட்டானால் அதன் கீழே ஆறரைக் கட்டையும், ஏ கிளாரினெட்டானால் ஆறு கட்டையும் ஒலிக்கின்றன. எழுதப்பட்டிருப்பது விரலுக்கு உரிய கட்டளை. கேட்கும் ஒலியை நிர்ணயிப்பது குழலின் நீளம். பேத்தோவன் தமது ஐந்தாம் சிம்ஃபனியின் முதல் மூன்று பகுதிகளுக்குப் பி ஃபிளாட் கிளாரினெட்டை விதித்து, வெற்றி முழக்கமாக எழும் இறுதிப் பகுதிக்குச் சி கிளாரினெட்டை விதித்ததும், இன்றுங்கூட மேனாட்டு வாத்தியக் கோஷ்டியில் அமரும் கிளாரினெட் வித்துவான் பி ஃபிளாட், ஏ என்ற இரு குழல்களை அருகில் வைத்துக்கொண்டு, ஊதும் முனையை ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் மாட்டி வாசிப்பதும் இந்த ஏற்பாட்டின் விளைவுகளே.

இத்தொல்லையை அடியோடு ஒழிக்க எண்ணிய இவான் மியூல்லர் என்பவர், பதின்மூன்று சாவிகள் கொண்ட பி ஃபிளாட் கிளாரினெட் ஒன்றைச் செய்வித்து, எல்லா ஸ்வர வரிசைகளுக்கும் இஃதொன்றே போதும் என்று கூறி, 1812-இல் பாரிஸ் சங்கீதக் கலாசாலை நியமித்த நிபுணர் குழுவின்முன் வைத்தார். குழுவினர் அதை நிராகரித்தனர். ஒவ்வோர் அளவுக் குழலுக்கும் தனக்கே உரிய நாத குணம் உண்டு, ஒரே குழலை வழக்கத்தில் வைத்தால் அந்த வேறுபாடுகளை இசையமைப்பவர் இழந்துவிடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. பிற்காலத்தில் மியூல்லரின் சாவிகள் பரவின. 1839-க்கும் 1843-க்கும் இடையில் கிளோஸே என்ற வித்துவானும் புஃபே என்ற சிற்பியும் சேர்ந்து, இன்று உலகில் பெருவழக்காக உள்ள சாவி அமைப்பையும் வகுத்துவிட்டனர். விரல்களின் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது. சி கிளாரினெட்டும் அநேகமாக ஒதுக்கப்பட்டது. ஆயினும், குடும்பத்தின் ஏனைய உறுப்பினர்கள் மறையாமல் இருந்ததைக் கவனித்தால், நாத குணத்தைப் பற்றிக் குழுவினர் சொன்னது வெறும் பழமைப் பிடிவாதமன்று என்பது தெளிவாகும்.

மேல் சுருதிக் குழல்களை முதலில் நோக்குவோம். இரண்டரைக் கட்டையில் அமைந்த ஈ ஃபிளாட் கிளாரினெட், உச்ச ஸ்தாயியில் கூரிய, சற்றே பரிகாசம் தொனிக்கும் குரலுடையது. பெர்லியோஸ் 1830-இல் இயற்றிய ‘அற்புத சிம்ஃபனி’யில் காதலியைக் குறிக்கும் இசைத்தொடர், தொடக்கத்தில் கம்பீரமாக வந்து, இறுதிப் பகுதியில் சூனியக்காரிகளின் கூட்டத்திடையே அவள் விகாரமாகத் தோன்றுகையில், இந்தச் சிறு குழலின் கீச்சுக் குரலில் துள்ளியாடுகிறது. ரிச்சர்ட் ஸ்டிராவுஸ் 1895-இல் குறும்பன் டில் ஆய்லன்ஷ்பீகலின் கதையை இசையாக்கியபோது, அவன் தூக்குமேடையில் எழுப்பும் கடைசிக் கூச்சலை டி கிளாரினெட்டுக்கே கொடுத்தார். இவற்றிலும் சிறிய ஏ ஃபிளாட் கிளாரினெட் இத்தாலிய பாண்டுக் குழுக்களில் இடம் பெற்றிருந்தது.

கீழ்நோக்கி இறங்கினால் நாதம் கனிந்து, நிழல் படிந்தாற்போல் ஆகிறது. நான்கு கட்டைச் சுருதியுள்ள பாஸெட் ஹார்ன் மோட்ஸார்ட்டின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. இறந்தோருக்கான பிரார்த்தனை இசையாகிய ‘ரெக்வியம்’ என்ற படைப்பில் புல்லாங்குழல், ஓபோ, சாதாரணக் கிளாரினெட் ஆகிய ஒளி மிக்க குரல்களை அறவே நீக்கிவிட்டு, பாஸெட் ஹார்ன் இரண்டையும் பஸூன் இரண்டையும் மட்டும் மரக்குழல்களாக அவர் வைத்துக்கொண்டது, குரலின் நிறத்தை அறிந்து செய்த தேர்வு என்பதில் ஐயமில்லை. அவருடைய நண்பர் அன்டோன் ஷ்டாட்லர், ஏ கிளாரினெட்டையே கீழே மேலும் நான்கு அரை ஸ்வரங்கள் இறங்குமாறு நீட்டிய ஒரு குழலில் வல்லவர். 1791-இல், மோட்ஸார்ட் தமது மரணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர் முடித்த கிளாரினெட் கான்செர்ட்டோ அவருக்காக இயற்றப்பட்டதே. கையெழுத்துப் பிரதி காணாமற் போயிற்று. அச்சில் வந்தது சாதாரணக் குழலுக்கேற்பத் தாழ்ந்த ஸ்வரங்களை மேலேற்றித் திருத்திய பாடம். இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் பழைய பாடத்தை ஊகித்து அமைத்தபின், அதை வாசிப்பதற்கென்றே நீண்ட குழல்கள் மறுபடி செய்யப்படுகின்றன.

சாதாரணக் கிளாரினெட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பாஸ் கிளாரினெட்டை, 1838-இல் அடால்ஃப் ஸாக்ஸ் சீர்திருத்திக் காப்புரிமை பெற்றார். ஸாக்ஸஃபோனை உண்டாக்கியவரும் அவரே. வாக்னரின் ‘டிரிஸ்டன்’ இசை நாடகத்தில், நம்பியவரால் வஞ்சிக்கப்பட்ட மார்க் அரசனின் துயருக்குத் துணை நிற்பது இக்குழல். 1892-இல் அரங்கேறிய சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ நாட்டியத்திலோ, செலஸ்டா என்ற வாத்தியத்தின் மணியோசைக்கு அடியில் கொழகொழவென்று இறங்கிவந்து வேடிக்கை காட்டுவதும் இதுவே. இதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் கான்ட்ராபாஸ் கிளாரினெட்டின் அடி ஸ்வரங்கள், செவியில் நாதமாகக் கேட்பதைவிட உடலில் அதிர்வாக உணரப்படுபவை.

பி ஃபிளாட்டுக்கும் ஏ-வுக்கும் இடையிலுள்ளது அரைக் கட்டை வித்தியாசமேயாயினும், பிராம்ஸ் 1891-இல் இயற்றிய குவின்டெட்டை ஏ கிளாரினெட்டுக்கும், 1894-இல் இயற்றிய சொனாட்டாக்களைப் பி ஃபிளாட்டுக்கும் எழுதினார். ஏ குழலின் குரலில் சற்றே கூடுதலான மென்மையைக் கேட்பதாக வித்துவான்கள் பலரும் சொல்வர்.

இந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. குட்டையான திமிரி நாகஸ்வரம் வழங்கிவந்த நாளில், நீண்டு சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தைக் கையாண்டு அதைப் பிரசித்தப்படுத்தியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. கிளாரினெட் வித்துவான் நடராஜனுக்குக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தை அளித்தவரும் அவரே. திமிரியிலும் பாரியிலும் விரல்களின் முறை ஏறக்குறைய ஒன்றே; ஆயினும், கனத்த நாதத்தில் ராகத்தை விஸ்தரிக்க நீண்ட குழல் தந்த வாய்ப்பு வேறு. சுருதி மாறினால் ஸ்வரங்களின் உறவு மாறுவதில்லை என்பது உண்மை. குழலின் நீளம் மாறினால் பாவம் மாறும் என்பதும் அதே அளவு உண்மை. மியூல்லர் முதல் உண்மையைக் கண்டார், அவரை மறுத்த குழுவினர் இரண்டாவதைக் கண்டனர். கிளாரினெட் குடும்பம் இன்றளவும் கலையாமலிருப்பது இந்த இரண்டாவது உண்மையின் பலத்தால்தான்.